மூணு இடது, ஒரு வலது

ஊரில் பாதிப் பேருக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தவள் வழி தவறிப் போனாள் என்றால் யாராவது நம்புவார்களா? அவளே நம்பவில்லை. சோளக் காட்டுக்கு நடுவில், சுண்ணாம்பு அடித்த அதே மதகை இரண்டாவது முறையாகக் கடந்தபோதும், "இது வேற மதகு" என்றுதான் டீச்சர் சொன்னாள்.

டீச்சர் என்றால் பள்ளிக்கூட டீச்சர் இல்லை, டிரைவிங் ஸ்கூல் டீச்சர். கடைத்தெருவில் மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை, அதில் ஒரு மேஜை, சுவரில் சாலைக் குறிகளின் படம், வாசலில் இரண்டு பக்கமும் பிரேக் வைத்த பழைய கார். மொத்த ஸ்கூலும் அவ்வளவுதான். போர்டில் எழுதியிருக்கும் பெயரை யாரும் படித்ததில்லை. 'டீச்சர்கிட்ட கத்துக்கிட்டேன்' என்று சொன்னால் போதும், லைசென்ஸ் ஆபீசில் டெஸ்ட் எடுக்கிற அதிகாரிகூட நிமிர்ந்து உட்காருவார். அந்த மரியாதை சும்மா வந்ததில்லை. வெயில், மழை, அழுகிற மாணவர்கள், அவர்களைவிட அதிகமாக அழுகிற கியர் பெட்டிகள், எல்லாவற்றையும் தாண்டி வந்தது.

அந்த மரியாதைக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. கொஞ்ச காலமாகப் பொழுது சாய்ந்தால் அவளுக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. பகலில் ஒரு குறையும் கிடையாது, ஊசியில் நூல் கோப்பாள். ஆனால் இருட்டத் தொடங்கினால் சாலையின் ஓரம் கரைந்து போய்விடும். எதிரே வருகிற வண்டியின் விளக்கு கண்ணில் பட்டால் அப்புறம் வெறும் வெள்ளைதான், அதற்குள் லாரி இருக்கிறதா ஆடு இருக்கிறதா என்று தெரியாது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரிடமும் போகவில்லை. டாக்டர் என்றால் ஏதாவது எழுதிக் கொடுப்பார், எழுதினால் வெளியே தெரியும், தெரிந்தால் கண் தெரியாதவள் நடத்துகிற டிரைவிங் ஸ்கூலில் எந்த மடையன் வந்து சேருவான்? போக்குவரத்து நெரிசல் என்று ஒரு காரணம் சொல்லி மாலை வகுப்புகளையெல்லாம் காலைக்கு மாற்றினாள். கல்யாணம், காட்சி என்று எங்கே போனாலும் சூரியன் இறங்குமுன் வீட்டில் இருந்தாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் அதையும் அவள் திறமையாகவே செய்து வந்தாள்.

அன்றைக்கு அணைக்கட்டுக்குப் போனதும் அந்தக் கணக்கில்தான். காலையில் கிளம்பி, தண்ணீரைப் பார்த்து, சாப்பிட்டு, வெயில் இருக்கும்போதே திரும்பிவிடலாம். வீட்டுக் காரில் மூன்று பேர். டீச்சர், அவள் வீட்டுக்காரர், நாத்தனார்.

வீட்டுக்காரர் பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். ஊர் தூங்கும்போது மாவு பிசைந்து பிசைந்து, ஊர் விழித்திருக்கும்போது தூங்குகிற பழக்கம் அவருக்கு ஒட்டிக்கொண்டது. காரின் சக்கரம் சுழன்றால் போதும், தலை சாய்ந்துவிடும். கும்பகர்ணனையாவது கொட்டு மேளம் அடித்து எழுப்பினார்கள். இவரை எழுப்ப வீட்டு வாசல் வர வேண்டும்.

நாத்தனாரைக் குடும்பத்தில் எல்லாரும் குட்டி என்றுதான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டி, தலையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் அவள் குட்டிதான். பல் டாக்டர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து, கன்னம் வீங்கி வருகிறவர்களை வரிசையில் உட்கார வைக்கிறவள். அவளும் டீச்சரிடம் கார் ஓட்டக் கற்றவள்தான். டெஸ்டில் பலமுறை தோற்றுக் கடைசியில் ஒரு வழியாகத் தேறினாள். அப்போது டீச்சர் வாய் சும்மா இருக்கவில்லை. "லைசென்ஸ் கொடுத்தது இவளுக்கு இல்லை, என் பொறுமைக்கு" என்று ஒரு விசேஷ வீட்டில் சொன்னாள். எல்லாரும் சிரித்தார்கள், குட்டியும் சிரித்தாள். சிரிப்பு கிடைத்த சந்தோஷத்தில் டீச்சர் அதை அடுத்த வீட்டிலும் சொன்னாள், அதற்கடுத்த வீட்டிலும் சொன்னாள். அதன் பிறகு குட்டி ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை.

அணையில் எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. கிளம்பலாம் என்று டீச்சர் எழுந்தபோது, மதகைத் திறக்கப் போகிறார்கள், பார்த்துவிட்டுப் போகலாம் என்று குட்டி பிடிவாதம் பிடித்தாள். வேண்டாம் என்றால் ஏன் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காரணம் ஒன்றுதான் இருந்தது, அதைச் சொல்ல முடியாது. திறப்பதாகச் சொன்னவர்கள் சாவகாசமாகத் திறந்தார்கள். தண்ணீர் பொங்கிப் பாய்ந்ததை எல்லாரும் கைதட்டிப் பார்த்தார்கள். டீச்சர் மட்டும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றாள்.

திரும்பும்போது குட்டி தன் போனில் வழிகாட்டியைப் போட்டாள். போனிலிருந்து ஒரு பெண் குரல், நூறு மீட்டரில் அப்படித் திரும்பு, இப்படித் திரும்பு என்று ஆரம்பித்தது. அதை நிறுத்தச் சொன்னாள் டீச்சர், என் வண்டியில் ஒரே ஒரு டீச்சர்தான் என்றாள். குட்டியும் நிறுத்திவிட்டாள்.

பெரிய ரோட்டில் வந்தவர்கள் நாற்சந்தியில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். அங்கிருந்து வீட்டுக்கு நேர் ரோடு. சிக்னல் பச்சைதான், ஆனால் எதிரே வருகிறவர்களுக்கும் பச்சை. அவர்களுக்கு நடுவில் இடைவெளி பார்த்துத் திரும்ப வேண்டும். சூரியன் இறங்கிவிட்டது. எதிரே ஒரு விளக்கு, அதன் பின்னால் இன்னொன்று, எல்லாம் சேர்ந்து ஒரே வெள்ளை. எது கிட்டே இருக்கிறது, எது தூரத்தில் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவில்லை. இண்டிகேட்டரை அணைத்தாள், நேராக விட்டுவிட்டாள்.

ஏன் அண்ணி, அங்கேதானே திரும்பணும் என்று குட்டி கேட்டாள். டீச்சர் தயாராக ஒரு பதில் வைத்திருந்தாள். வலப்பக்கம் திரும்பப் பயப்படுகிற புது மாணவர்களுக்கு அவள் சொல்லிக் கொடுக்கிற உபாயம் அது. நேராகப் போய் மூன்று முறை இடது பக்கம் திரும்பினால் அதே சந்திக்குப் பக்கவாட்டில் வந்து சேரலாம், அப்புறம் பச்சை விழுந்ததும் நேராகக் கடந்துவிடலாம். மூன்று இடது சேர்ந்தால் ஒரு வலது. அவள் கற்றுக் கொடுக்கிற தெருக்கள் சதுரம் சதுரமாக வெட்டியவை, அங்கே இந்த உபாயம் ஒருநாளும் பொய்த்ததில்லை. சந்தியில் நெரிசல், சுற்றிப் போனால் சீக்கிரம் என்று குட்டியிடம் சொல்லிவிட்டு முதல் இடதைத் திருப்பினாள்.

முதல் இடது நல்ல தார் ரோடு. இரண்டாவது இடது சோளக் காட்டுக்குள் போனது, ஒரு வண்டி போனால் இன்னொரு வண்டி ஒதுங்க வேண்டும். மூன்றாவது இடதைக் காணோம். காட்டு ரோட்டுக்குச் சதுரம் தெரியுமா? அது வாய்க்காலோடு சிநேகமாக வளைந்து வளைந்து போனது. கடைசியில் இடது பக்கம் ஒரு பாதை வந்தது, திரும்பினாள். அது ஒரு களத்துமேட்டில் போய் முடிந்தது. பின்னுக்கு எடுத்து வேறு பக்கம் போனாள். மதகு வந்தது. இன்னும் ஓர் இடது. மறுபடியும் அதே மதகு.

"அண்ணி, அந்த மதகுலேயும் 'ஆடு மேய்க்காதே'ன்னு எழுதியிருந்துச்சு. இதுலேயும் எழுதியிருக்கு" என்றாள் குட்டி.

எல்லா மதகிலும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றாள் டீச்சர். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று நிற்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் அவள் குரலில் இருந்த தைரியம் கையில் இல்லை, உள்ளங்கை ஈரமாகிவிட்டது. குட்டி போனை மறுபடி எடுத்துப் பார்த்தாள், சிக்னல் இல்லை. பின் சீட்டிலிருந்து குறட்டை மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருந்தது.

வெளிச்சம் வேகமாகக் குறைந்தது. டீச்சருக்குத் தெரிந்ததெல்லாம் ஹெட்லைட் விழுகிற ஒரு துண்டு மண்ணும், அதற்கு இரு பக்கமும் சாம்பல் நிறத்தில் ஒரு சுவரும்தான். அது சோளமா, வாய்க்காலின் கரையா என்று தெரியவில்லை. நிறுத்திவிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள். அதுவும் கேட்பது யார்? குட்டி. வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால்கூடச் சொல்லியிருப்பாளோ என்னவோ. கியரை மாற்றிக்கொண்டு போனாள்.

"அண்ணி!"

குட்டி அவள் கையைப் பிடித்து அழுத்தினாள், டீச்சரின் கால் பிரேக்கை மிதித்தது. கார் குலுங்கி நின்றது. முன் பம்பருக்கு ஒரு முழம் தள்ளி ஒரு சைக்கிள் சாய்ந்து நின்று, பிறகு நிமிர்ந்தது. விளக்கில்லாத சைக்கிள். ஓட்டி வந்தவர் கத்தவில்லை, திட்டவில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குட்டி பக்கத்து ஜன்னலுக்கு வந்து, எங்கே போகணும் என்று கேட்டார். குட்டி சொன்னாள். வாய்க்காலோடு போனால் பம்ப் ஹவுஸ் வரும், அங்கே வலது பக்கம் திரும்பினால் பெரிய ரோடு, ரோட்டில் ஏறி மறுபடி வலது பக்கம் போனால் உங்கள் ஊர் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, பார்த்துப் போங்க என்று சொல்லிப் போய்விட்டார்.

"நான் பாத்தேன்" என்றாள் டீச்சர். "பாத்துத்தான் பிரேக் போட்டேன்."

"சைக்கிள்ல எத்தனை பேரு, அண்ணி?" என்று குட்டி கேட்டாள்.

"என்ன கேள்வி இது? ஒருத்தரு."

"பின்னாடி ஒரு பொண்ணு உக்காந்திருந்துச்சு. சின்னப் பொண்ணு. நம்ம லைட்டு அது மூஞ்சியிலதான் அடிச்சுது. கண்ணை மூடிக்கிச்சு."

அத்தனை கிட்டே, அத்தனை வெளிச்சத்தில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கிறது, அவள் பார்க்கவில்லை. இனிமேல் இல்லை என்று சாதிக்க முடியாது.

"வலிக்கலை, வலிக்கலைன்னு சொல்றவங்களைத்தான் நான் நாள் பூரா பாக்குறேன்" என்றாள் குட்டி. குரலில் கோபம் இல்லை, கிளினிக் மேஜையின் அமைதி இருந்தது. "எவ்வளவு நாளா இப்படி?"

"போன மழைக்கு முன்னாடியிருந்து" என்றாள் டீச்சர்.

இத்தனை மாதம் கட்டிக் காத்தது ஒரு நிமிடத்தில் போயிற்று. என்ஜினை அணைத்தாள். இருட்டில் வாய்க்கால் தண்ணீரின் சத்தம் கேட்டது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. எல்லாவற்றையும்விடக் கஷ்டமான ஒன்றை இனிமேல்தான் செய்ய வேண்டும். விடிகிற வரைக்கும் இங்கேயே உட்கார்ந்திருக்கலாம், இல்லையென்றால் கேட்கலாம். சாவியை எடுத்து நீட்டினாள்.

"இந்தா. நீ ஓட்டு."

"நானா? நான் வண்டியைத் தொட்டு எவ்வளவு காலமாச்சு, தெரியும்ல?"

"தெரியும். என்னாலதான்னும் தெரியும். இறங்கி இந்தப் பக்கம் வா."

இரண்டு பேரும் காரைச் சுற்றி இடம் மாறினார்கள். டீச்சர் காரைத் தடவிக்கொண்டே நடந்தாள், அதை மறைக்கவும் இல்லை. இடது சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டைப் போட்டதும் அவளுக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அவள் பிழைப்பு நடத்துவதே அந்தச் சீட்டில்தான். ஆனால் இது வீட்டுக் கார், அவள் காலடியில் பிரேக் கிடையாது. பக்கத்தில் இருப்பவள் நிறுத்தினால்தான் நிற்கும்.

குட்டி சாவியைத் திருப்பினாள். கார் ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. மறுபடி திருப்பினாள், மறுபடி அணைந்தது. பழைய டீச்சராக இருந்தால் இந்நேரம் நாக்கில் ஏதாவது ஒன்று தயாராகியிருக்கும். இன்றைக்கு, கிளட்சை மெதுவா விடு, வண்டி தானா நகரும், அவசரமே இல்லை என்று மட்டும் சொன்னாள். மூன்றாவது முறை நகர்ந்தது.

அப்புறம் அவள் தன் வேலையைத் தொடங்கினாள். பயந்த மாணவர்களுக்கு அவள் வைத்திருக்கும் மருந்து ஒன்று உண்டு. கண்ணில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்ல வைப்பாள். வாய் பேசிக்கொண்டிருந்தால் மனசு பயப்பட நேரம் இருக்காது. குட்டியையும் சொல்லச் சொன்னாள். இடது பக்கம் சோளம், வலது பக்கம் வாய்க்கால், கரையில் கல் நட்டிருக்கு, முன்னால் ஒரு பள்ளம் என்று குட்டி சொல்லிக்கொண்டே வந்தாள். டீச்சர் அதைக் கேட்டு, பள்ளத்துக்கு முன்னாடியே கியரைக் குறை, கல்லை விட்டு ஒரு கை தள்ளியே போ என்றாள். எத்தனையோ பேருக்கு இதைச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள், ஆனால் எல்லாரும் சொன்னது அவள் முன்பே பார்த்துவிட்ட விஷயங்களை. இன்றுதான் மாணவி சொன்ன பிறகு அவளுக்கு ரோடு தெரிந்தது.

பம்ப் ஹவுஸ் வந்தது. திரும்பினார்கள். கொஞ்ச தூரத்தில் பெரிய ரோட்டின் இரைச்சல் கேட்டது. ரோட்டின் விளிம்பில் குட்டி காரை நிறுத்தினாள். வலது பக்கம் ஏற வேண்டும். இங்கே சிக்னல் கிடையாது. இரண்டு பக்கமும் விளக்குகள் ஓடிக்கொண்டிருந்தன. டீச்சரின் கண்ணுக்கு முன்னால் ஒரே வெள்ளை, பிறகு ஒரே கறுப்பு, மறுபடி வெள்ளை.

"வலது பக்கம் லாரி வருது. கிட்டத்துல இருக்கு. அது போகட்டும்" என்றாள் குட்டி. "இடது பக்கம் ரெண்டு பைக்கு. அதுக்குப் பின்னாடி ஒரு பஸ்ஸு, தூரத்துல இருக்கு. அண்ணி, இந்த இடைவெளி போதுமா?"

டீச்சரின் வலது கால் தரை விரிப்பை மிதித்துக்கொண்டிருந்தது. போதும், போதாது என்று சொல்லித்தான் அவள் வாழ்ந்திருக்கிறாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் பணம் வாங்குகிறாள்.

"எனக்குத் தெரியலை, குட்டி. நீதான் முடிவு பண்ணணும்."

குட்டி பஸ்ஸை விட்டாள். அதன் பின்னால் வந்த வேனையும் விட்டாள். பின் சீட்டில் குறட்டை ஒரு தரம் தடுக்கி, மறுபடி சீராகியது. "இப்ப" என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு கிளட்சை விட்டாள். கார் ரோட்டைக் கடந்து, வளைந்து, தன் பாதையில் போய்ச் சேர்ந்து நிதானமாக ஓடத் தொடங்கியது. ஸ்டியரிங் தடுமாறவில்லை, கியர் அழவில்லை. டீச்சருக்குக் கண் தெரியாவிட்டாலும் உடம்புக்குத் தெரியும், திருப்பம் சுத்தமாக இருந்தது.

"நல்லாத் திருப்பினே" என்றாள்.

குட்டி மூக்கை உறிஞ்சினாள். "இதை அன்னைக்கே ஒரு தரம் சொல்லியிருக்கலாம்."

"அன்னைக்கு நீ இவ்வளவு நல்லாத் திருப்பலையே."

குட்டிக்குச் சிரிப்பு வந்துவிட்டது, டீச்சருக்கும் வந்தது. சிரித்து முடித்த பிறகு, விசேஷ வீடுகளில் தான் சொன்னது தப்பு என்று டீச்சர் நேராகவே சொன்னாள். குட்டி பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆமா, தப்புதான் என்றாள். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால் டீச்சருக்கு இன்னும் உறுத்தியிருக்கும்.

மீதி வழி முழுக்கக் குட்டி நன்றாகவே ஓட்டினாள். ஊர் வந்தது. தெருமுனையில், விளக்குக் கம்பத்துக்கு அடியில், அவளாகவே காரை ஓரங்கட்டினாள்.

"இடம் மாறிக்கலாம், அண்ணி. தெருவுல விளக்கு இருக்கு, வாசல் வரைக்கும் நீங்களே கொண்டு போயிடுவீங்க. அண்ணன் முழிச்சா நீங்க ஓட்டுற மாதிரியே இருக்கும். நான் யார்கிட்டயும் மூச்சு விட மாட்டேன்."

நல்ல மனசோடுதான் சொன்னாள். டீச்சருக்கு ஆசை வந்தது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஸ்கூல் அப்படியே இருக்கும், போர்டு அப்படியே இருக்கும், நாளைக்குக் காலையில் ஒன்றுமே நடக்காதது போல மாணவர்கள் வருவார்கள். பெல்ட்டின் கொக்கியில் கை வைத்தாள். வைத்த கையை அப்படியே எடுத்துக்கொண்டாள்.

"வாசல் வரைக்கும் நீயே போ" என்றாள்.

வாசலில் கார் நின்றதும், சொல்லி வைத்தது போல வீட்டுக்காரர் கண் விழித்தார். வந்தாச்சா என்று சோம்பல் முறித்தவர், ஸ்டியரிங்குக்குப் பின்னால் தங்கையைப் பார்த்ததும் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். உன் அண்ணி எங்கே என்று கேட்டார். அண்ணிக்குக் கால் வலி, அதனால்தான் நான் ஓட்டினேன் என்று குட்டி அவசரமாகச் சொன்னாள்.

டீச்சர் சீட்டில் பின்பக்கம் திரும்பினாள்.

"கால் வலியெல்லாம் இல்லைங்க. பொழுது சாஞ்சா எனக்குக் கண்ணு தெரியலை. ரொம்ப நாளா. இன்னைக்கு ஒரு குழந்தையை இடிச்சிருப்பேன், இவதான் தடுத்தா."

வீட்டுக்காரர் தூக்கம் கலைந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். குட்டிதான் பொறுக்காமல் கேட்டாள். "நான்தான் சொல்ல மாட்டேன்னு சொன்னேனே, அண்ணி."

"நீ சொல்ல மாட்டே. நானும் சொல்ல மாட்டேன். இன்னொரு நாள் இதே மாதிரி நேரமாகும், நான் பேசாம ஓட்டிட்டு வருவேன். என்னை எனக்குத் தெரியாதா?"

குட்டி என்ஜினை அணைத்துச் சாவியை உருவினாள். உருவின சத்தம் கேட்டதும் டீச்சரின் கை, வழக்கம் போல, தானாகவே அவள் பக்கம் நீண்டது. குட்டி அந்தக் கையைப் பார்த்தாள். சாவியைத் தன் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினாள்.

"அப்படித்தான்" என்றாள் டீச்சர். "நான் கேட்டாலும் கொடுக்காதே."